படக்கதையும் பாலாற்றங்கரையும்

(இரண்டாம் ஆண்டு, முதுகலைத் தமிழ்)

முன்னுரை

கதை கேட்பதில் விருப்பம் இல்லாத மனிதர் இலர். படம் பார்ப்பதில் விருப்பம் இல்லாத குழந்தையும் இல்லை. இவ்விரு விருப்பங்களும் ஒன்றுசேர்ந்த இடத்தில் பிறந்ததே படக்கதை. ஆயினும் இலக்கிய வகைகளை எண்ணத் தொடங்கும்போது கவிதை, நாடகம், சிறுகதை, புதினம் என்று எண்ணி அத்துடன் நிறுத்திவிடுகிறோம். படக்கதையைப் 'பொம்மைப் புத்தகம்' என்று கூறி ஒதுக்கிவிடுகிறோம். பாடநூலுக்குள் மறைத்துவைத்துப் படிக்க வேண்டிய ஒன்றாகவே அது பல வீடுகளில் இன்றும் இருந்துவருகிறது.

நான் படக்கதை வாசகன். ஆம்பூரில் பழைய புத்தகங்கள் விற்கும் கடையில் கிடைத்த, அட்டை கிழிந்த காமிக்ஸ் புத்தகங்களிலிருந்து தொடங்கிய வாசிப்பு அது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் முதன்முதலாக நடைபெற்ற 'காமிக் கான்' எனும் படக்கதைத் திருவிழாவிற்குச் சென்று வந்தேன். அங்குக் கண்டவற்றையும், அவற்றால் எழுந்த சிந்தனைகளையும் மாணவத் தோழர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படக்கதையின் இலக்கணம்

ஒரு படம் மட்டும் இருந்தால் அது ஓவியம். பல படங்கள் ஒரு வரிசையில் நின்று, ஒன்றையடுத்து ஒன்றாகப் படிக்கப்பட்டுப் பொருள் தருமானால் அது படக்கதை. அமெரிக்கப் படக்கதை ஆசிரியர் வில் ஐஸ்னர் 1985இல் எழுதிய நூலில் இதனை 'வரிசைக் கலை' என்னும் பொருள்படக் குறித்தார். 1993இல் ஸ்காட் மெக்கிளவுட் என்பவர், படக்கதையின் இலக்கணத்தைப் படக்கதை வடிவத்திலேயே எழுதி வெளியிட்டார்.

படக்கதையின் உறுப்புகள் சிலவே. காட்சியை அடைத்து நிற்பது கட்டம். பேச்சைத் தாங்குவது பேச்சுக் குமிழி. ஓசையைக் காட்டுவது ஒலிக்குறிப்புச் சொல். இந்த மூன்றாவது உறுப்பில் தமிழுக்குக் குறைவே இல்லை. சடசட, மடமட, கலகல என இரட்டைக்கிளவிகள் நம்மிடம் கொட்டிக் கிடக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விட முதன்மையான உறுப்பு ஒன்று உண்டு. அது கட்டத்திற்கும் கட்டத்திற்கும் நடுவே உள்ள வெற்றிடம். ஒரு கட்டத்தில் ஒருவன் கல்லை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. கல் பறந்து சென்றதை ஓவியர் வரையவில்லை. ஆனால் நாம் கண்டோம். அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் வாசகரே.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. 'தோற்செருப்பு' என்னும் தொடரை நோக்குக. தோலால் செய்யப்பட்ட செருப்பு என்று இதனை விரிக்கிறோம். 'ஆல்' என்னும் உருபும், 'செய்யப்பட்ட' என்னும் பயனும் சொல்லில் இல்லை. அவை தொக்கி நிற்கின்றன. இதனை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்கிறோம். கேட்பவர் உள்ளத்தில் அவை விரியாவிட்டால் தொடருக்குப் பொருளே இல்லை. படக்கதையின் வெற்றிடமும் இத்தகையதே. அது வெறும் இடமன்று. பொருள் தொக்கி நிற்கும் இடம்.

கல்லில் எழுதிய படக்கதை

படமும் எழுத்தும் சேர்ந்து கதை சொல்வது மேனாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று கருதுவோர் உளர். நம் ஊர்ப் பக்கத்து நடுகற்களைப் பார்த்தோர் அவ்வாறு கூறமாட்டார்கள். தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதிகளுள் பழைய வட ஆர்க்காடும் ஒன்று. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களைப் பற்றிய நூல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை வாயிலாக 1972இல் வெளிவந்தது.

ஆம்பூரிலும் நடுகற்கள் கிடைத்துள்ளன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை அவை. காலம் 9ஆம் நூற்றாண்டு. அவற்றில் ஆம்பூரின் பெயர் 'ஆமையூர்' என்று காணப்படுகிறது. நுளம்பனின் படை ஆநிரை கவர வந்தபோது, எதிர்த்துப் போரிட்டு மாண்ட வீரர்களுக்காக எடுக்கப்பட்டவை அக்கற்கள். வீரனின் உருவமும் அவன் செயலைக் கூறும் எழுத்தும் ஒரே கல்லில் நிற்கின்றன. சில நடுகற்களில் காட்சிகள் அடுக்கடுக்காக அமையும். கீழடுக்கில் வீரன் போரிடுவான். அதற்கு மேல் வானுலக மகளிர் அவனை அழைத்துச் செல்வர். மேலடுக்கில் அவன் இறைவன் திருமுன் அமர்ந்திருப்பான். இது கட்டம் கட்டமாகக் கதை சொல்வதன்றி வேறென்ன? மன்னனுக்கு மெய்க்கீர்த்தி இருந்தது. மாடு மீட்டவனுக்கு இந்தப் படக்கதை இருந்தது.

தமிழில் காமிக்ஸ்

அச்சில் வந்த தமிழ்ப் படக்கதைகளுள் மக்களிடம் மிகுதியாகச் சென்று சேர்ந்தது தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய 'கன்னித்தீவு' எனலாம். தேநீர்க் கடையில் நாளிதழைப் புரட்டும் டேனரித் தொழிலாளி, அரசியல் செய்தியைப் பார்க்குமுன் சிந்துபாத்தைப் பார்த்த காலம் ஒன்று இருந்ததை எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே அதில்தான் என்று கூறியவரும் உண்டு.

1972இல் 'முத்து காமிக்ஸ்' தொடங்கப்பெற்றது. அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. இவன் பிறந்தது இங்கிலாந்தில், 1962இல், 'வேலியன்ட்' என்னும் வார இதழில். ஆனால் தமிழ்நாட்டுச் சிறுவர்கள் அவனை வேற்று நாட்டானாகக் கருதவே இல்லை. 1984இல் 'லயன் காமிக்ஸ்' சிவகாசியிலிருந்தும், 'ராணி காமிக்ஸ்' தினத்தந்திக் குழுமத்திலிருந்தும் வெளிவரலாயின. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுபோயிற்று. லயனும் முத்துவும் இடையிடையே தளர்ந்தாலும் வாசகர்களின் பற்றால் தொடர்ந்தன. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவையொட்டி அவ்விதழ்களின் வாசகர்கள் பல ஆண்டுகள் ஒன்றுகூடியிருக்கின்றனர். வேட்டி கட்டிய அரசு ஊழியரும், கணிப்பொறிப் பணியாளரும், கடை வைத்திருப்பவரும் ஒரே மேசையில் அமர்ந்து டெக்ஸ் வில்லரைப் பற்றிப் பேசுவதற்கு வேறு எந்த அவை இடம் தரும்?

இவற்றிடையே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாயாவி இங்கிலாந்துக்காரன். டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவன். வேதாளனும் மாண்ட்ரேக்கும் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். மொழி தமிழ், மண் வேறு. இந்தியக் கதைகளைப் படக்கதையாக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் அனந்த் பை 1967இல் 'அமர் சித்திரக் கதை'யைத் தொடங்கினார். அதிலும் பெரும்பாலும் புராணமும் மன்னர் வரலாறுமே இடம்பெற்றன. தமிழில் வாண்டுமாமா போன்றோர் சிறுவர்க்காகச் சொந்தப் படக்கதைகளைப் படைத்தனர். எனினும் நாம் வாழும் தெருவும், நம் பெற்றோர் செய்யும் தொழிலும் கட்டங்களுக்குள் வந்தது குறைவே.

விழாக்களின் வரலாறு

படக்கதை வாசகர்கள் ஓரிடத்தில் கூடும் வழக்கம் எவ்வாறு வளர்ந்தது என்பதையும் அறிதல் நலம். அமெரிக்காவில் சான்டியகோ நகரில் 1970 ஆகஸ்டில் 3 நாள்கள் நடந்த கூட்டத்திற்கு வந்தவர் ஏறத்தாழ 300 பேர். இன்று அது லட்சத்திற்கும் மேற்பட்டோர் கூடும் பெருவிழா. ஆயினும் திரைப்பட நிறுவனங்களின் ஆரவாரமே இன்று அங்கு மேலோங்கி நிற்கிறது.

சப்பான் நாட்டு விழா வேறு வகையானது. டோக்கியோவில் 1975 டிசம்பர் 21ஆம் நாள் 'காமிக் மார்க்கெட்' என்னும் சந்தை கூடியது. பங்குகொண்டவை 32 வாசகர் குழுக்கள். வந்தவர் ஏறத்தாழ 700 பேர். இச்சந்தையின் சிறப்பு யாதெனில், விற்றவரும் வாசகர், வாங்கியவரும் வாசகர் என்பதே. தாமே வரைந்து, தாமே அச்சிட்டுச் சிறு புத்தகங்களாகக் கொண்டுவந்தனர். 2019 டிசம்பரில் நடந்த சந்தைக்கு 4 நாள்களில் 7 லட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்தனர். படிப்பவன் படைப்பவனாகவும் ஆகலாம் என்னும் உண்மையை அச்சந்தை உலகிற்குக் காட்டியது.

இந்தியாவில் 2011இல் தில்லியில் காமிக் கான் தொடங்கியது. பின்னர்ப் பல நகரங்களுக்குப் பரவி, 2024 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் சென்னைக்கு வந்தது. நந்தம்பாக்கத்திலுள்ள வர்த்தக மையமே விழாக்களம்.

சென்னையில் கண்டவை

நான் அப்போது இளங்கலை இறுதியாண்டு மாணவன். விடியற்காலை ஏலகிரி விரைவு வண்டியில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோ வண்டியில் ஆலந்தூர் வரை சென்று, அங்கிருந்து விழாவிடத்தை அடைந்தேன். நுழைவுச் சீட்டுக்கான பணம், விடுமுறை நாள்களில் செருப்புக் கடையில் வேலை பார்த்துச் சேர்த்தது.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டவர் வேடம் புனைந்த இளைஞர்கள். சப்பானியக் கதைகளின் வாள்வீரர்களும், அமெரிக்கக் கதைகளின் முகமூடி நாயகர்களும் கூட்டத்தினூடே நடந்துகொண்டிருந்தனர். அட்டையாலும் பஞ்சாலும் தாமே செய்த கவசங்களை அணிந்திருந்தவர் பலர். தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்த வட ஆர்க்காட்டு மகனாகிய எனக்கு இது விந்தையாகத் தோன்றவில்லை. கட்டைக் கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்து, சற்று முன்வரை ஏர் பிடித்தவர் துரியோதனனாக மாறுவதை நாம் கண்டதில்லையா? விரும்பிய பாத்திரமாகச் சில மணி நேரம் வாழ்ந்து பார்க்கும் ஆசை எல்லா மனிதர்க்கும் பொதுவே.

பெரிய அரங்குகளில் உடைகளும் பொம்மைகளும் மிகுதியாக விற்றன. அவற்றின் விலை என் கைக்கு எட்டுவதாக இல்லை. என் கால்கள் நின்ற இடம், ஓவியர்கள் வரிசையாக மேசையிட்டு அமர்ந்திருந்த பகுதி. தாம் வரைந்த புத்தகத்தைத் தாமே கையெழுத்திட்டுத் தந்தனர். டோக்கியோச் சந்தையின் சாயல் அங்கேதான் இருந்தது.

ஒரு மேசையில் இளம்பெண் ஒருவர் வரைந்துகொண்டிருந்தார். என் ஊர் எதுவென்று கேட்டார். ஆம்பூர் என்றேன்.

"அப்படியா! பிரியாணி ஊராச்சே!" என்றார் மகிழ்ச்சியோடு. பிறகு, "பிரியாணிய விட்டா உங்க ஊர்ல வேற என்னங்க கதை இருக்கு?" என்று கேட்டார்.

அதில் ஏளனம் சிறிதும் இல்லை. அறிய விரும்பியே கேட்டார். என் தாயார் ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவில் வேலை செய்வதைக் கூறினேன். தம் காலில் இருந்த ஷூவை அவர் ஒரு கணம் குனிந்து பார்த்தார். பின்னர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அதில் 6 கட்டங்களை மட்டும் கோடிட்டு என்னிடம் நீட்டி, "அம்மாவோட ஒரு நாளை இதுல சொல்லிப் பாருங்க. படம் அழகா வரணும்னு இல்ல, பார்க்கிறவங்களுக்குப் புரிஞ்சா போதும்" என்றார்.

விழாவில் நான் விலை கொடுக்காமல் பெற்ற பொருள் அத்தாள் ஒன்றே.

ஆறு கட்டங்களில் ஒரு நாள்

வரையத் தொடங்குமுன் தாயாரிடம் அவர் வேலையைப் பற்றிக் கேட்டேன். இருபது ஆண்டுகளாக அவர் சென்று வரும் இடத்தைப் பற்றி அதற்கு முன் நான் விரிவாகக் கேட்டதில்லை, அவரும் கூறியதில்லை. கட்டிங் பிரிவிலிருந்து வெட்டிய தோல் வருவதும், ஓரம் சீவப்பட்ட துண்டுகளை இணைத்து 'அப்பர்' எனும் மேற்பகுதியைத் தைப்பதும், அது லாஸ்டிங் பிரிவிற்குப் போய்க் கால் அச்சின்மேல் இழுத்துப் பொருத்தப்படுவதும், பின்னர் அடிப்பாகம் ஒட்டப்படுவதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கின. அவர் கூறியதில் ஒரு வாக்கியம் படம் முழுவதையும் தீர்மானித்தது: "மெஷின் லைட்டு ஊசி மேலதான்டா விழும். மூஞ்சி மேல விழாது."

அந்தப் பக்கம் அமைந்த முறையை இங்குத் தருகிறேன். படக்கதை எழுத விரும்பும் தோழர்களுக்கு ஒரு பயிற்சியாக இது உதவலாம்.

முதற் கட்டம்: விடியற்கால இருட்டு. ஊர் எல்லையில் புளியமரம். சாப்பாட்டுப் பையுடன் பெண்கள் நிற்கின்றனர். தொலைவில் கம்பெனிப் பேருந்தின் இரு விளக்குகள்.

இரண்டாம் கட்டம்: பேருந்துச் சன்னல். தூங்கி வழியும் முகங்கள்.

மூன்றாம் கட்டம்: தையல் ஊசியும் இரு விரல்களும் மட்டும். 'தடதட' என்னும் ஒலிக்குறிப்பு. ஊசியைச் சுற்றி வெளிச்சம், மற்றெங்கும் இருள்.

நான்காம் கட்டம்: மேலிருந்து பார்க்கும் காட்சி. வரிசை வரிசையாக எந்திரங்கள். குனிந்த தலைகள். முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை.

ஐந்தாம் கட்டம்: அட்டைப் பெட்டிக்குள், மெல்லிய தாளின்மேல், பளபளக்கும் புது ஷூ ஒரு சோடி.

ஆறாம் கட்டம்: இரவு. வீட்டு வாசற்படி. அங்கே கழற்றிவிடப்பட்ட, தேய்ந்த ரப்பர்ச் செருப்பு ஒரு சோடி.

பேச்சுக் குமிழி எங்கும் இல்லை. ஐந்தாம் கட்டத்திற்கும் ஆறாம் கட்டத்திற்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். கூலி, விலை, தொலைவு ஆகிய எல்லாம் அங்கே தொக்கி நிற்கின்றன. அவற்றை எழுத்தில் கூறியிருந்தால் அறிவுரையாக முடிந்திருக்கும். கூறாமல் விட்டதால் வாசகரே விரித்துக்கொள்கிறார். தோற்செருப்பு என்னும் தொகையில் மறைந்து நிற்கும் 'செய்யப்பட்ட' என்னும் சொல்லை, செய்த கையோடு விரித்துக் காட்டும் ஆற்றல் படக்கதைக்கு உண்டு என்பதை இப்பயிற்சியால் உணர்ந்தேன்.

படத்தைத் தாயாரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யார்டா பாக்கப் போறாங்க?" என்று கேட்டார். நியாயமான வினா. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அவ்வினாவே.

நம் நிலத்தில் காத்திருக்கும் கதைகள்

உழைப்பையும் துன்பத்தையும் படக்கதையில் கூற இயலுமா என்று ஐயுறுவோர்க்குச் சான்றுகள் உள. யூதர்கள் பட்ட கொடுமைகளைத் தம் தந்தையின் வாழ்வின் வழியே கூறிய ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. ஹிரோஷிமாக் குண்டுவீச்சில் சிறுவனாக இருந்து உயிர் தப்பிய கெய்ஜி நகசாவா, தம் அனுபவத்தை 1973 முதல் படக்கதையாக வரைந்தார். நம் நாட்டில் ஒரிஜித் சென் நர்மதை ஆற்று மக்களின் போராட்டத்தை 1994இல் 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' என்னும் நூலாக்கினார். அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைக் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் ஆகியோர் வரைந்த 'பீமாயணா' 2011இல் வெளிவந்தது. அவர்கள் மேனாட்டுக் கட்டங்களை அப்படியே கொள்ளாமல், தம் குல ஓவிய மரபினின்றே பக்கங்களைப் பகுத்துக்கொண்டனர்.

நர்மதைக்கு ஒரு நூல் உண்டெனில் பாலாற்றிற்கும் ஒன்று வேண்டாமா? நம்மிடம் கதைக்குப் பஞ்சமில்லை. 1806 சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு, தோலால் ஆன குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையும் ஒரு காரணம். ஆவாரம் பட்டையால் தோல் பதனிட்ட முறை குரோமிய முறையாக மாறியதும், அதனால் ஆறும் கிணறும் கெட்டதும் ஒரு கதை. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை நாட்டுக்கே நிலைநாட்டியது. 2015 சனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களுக்கு நடுகல் எடுப்பவர் யார்?

தொழில் சோறு போடுகிறது. அதே தொழில் ஆற்றையும் கெடுத்திருக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேரக் கூறுவது எளிதன்று. மேடைப் பேச்சில் ஒன்று ஓங்கினால் மற்றொன்று மறைந்துவிடும். அடுத்தடுத்த இரு கட்டங்களில் இரண்டையும் நிறுத்திக் காட்டினால், பார்ப்பவர் இரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பர்.

முடிவுரை

படக்கதை சிறுவர் விளையாட்டன்று. படமும் சொல்லும் வாசகரின் அறிவும் கூடி இயங்கும் கலை வடிவம் என்பதை இதுகாறும் கண்டோம். அதன் வேர் நம் நடுகற்களிலும் உண்டு. அதன் இலக்கணத்திற்கு நம் தொகைநிலைத் தொடரே விளக்கம் தரும். திருவிழாவிற்குச் செல்வது இன்பமே. ஆனால் பிறர் நாயகர்களைக் கண்டு களித்துத் திரும்புவதோடு அப்பயணம் நிறைவுறுவதில்லை. வெற்றிடத்தை நிரப்பிப் பழகிய வாசகன் வெற்றுத் தாளையும் நிரப்பத் தொடங்கும்போதே அது நிறைவுறுகிறது.

ஆகவே மாணவத் தோழர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலரில் 4 பக்கங்களைப் படக்கதைக்கென ஒதுக்குதல் வேண்டும். ஓவியம் தெரிந்தவர் மட்டும் வர வேண்டும் என்பதில்லை. கோடு போடத் தெரிந்தால் போதும். ஒரு தாளை எடுங்கள்; ஆறு கட்டங்கள் இடுங்கள். பின்னர் உங்கள் வீட்டில் பீடி சுற்றுபவரிடமோ, தோல் பதனிடுபவரிடமோ, ஷூ தைப்பவரிடமோ சென்று அமர்ந்து, 'உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். வரைவது அதற்குப் பிறகு.